டஸ்கனி மலையூர்களை ஒரே நாளில் காரில் சுற்றிவர: நாங்கள் பட்டதும் நீங்கள் படக்கூடாததும்

போன மே மாதம் நான், மனைவி, அம்மா மூவரும் இத்தாலி போய்வந்தோம். ஜனவரியில் ஒரு நாள் கோயம்புத்தூர் வீட்டு வாசலில் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார். உள்ளே நான்கு பக்கம். நாங்கள் வாடகைக்கு எடுத்த காரின் எண், தேதி, நிமிடக் கணக்கில் நேரம் எல்லாம் இருந்தன. தடைசெய்த தெருவுக்குள் வண்டியை விட்டதற்கு அபராதம். அந்தத் தெருவில் நாங்கள் இருந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது.

பயணம் அருமையான பயணம், அதில் குறை இல்லை. ஃபுளோரன்ஸில் காலையில் காரை எடுத்து, மொந்தால்சினோ, பாஞ்ஞோ விஞ்ஞோனி, பியென்சா, மொந்தேபுல்சானோ என்று ஓர்ச்சா பள்ளத்தாக்கை ஒரு வட்டம் அடித்து இரவு திரும்பினோம். மொத்தம் சுமார் 280 கிலோமீட்டர். வண்டி ஓட்டுவது நினைத்ததைவிடச் சுலபம். காகிதம், கடன் அட்டை, கடிகாரம், பலகை இந்த நான்கில்தான் அடி வாங்கினோம். அதனால் இங்கே சரித்திரம் எதுவும் கிடையாது. விசா, விமான டிக்கெட் கதையும் இல்லை. அந்த ஒரு நாள் கார்ப் பயணத்துக்கு என்ன வேண்டுமோ அது மட்டும்.

1. ஐடிபி: ஒரு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள்

இந்திய லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இத்தாலியில் ஓட்ட முடியாது. கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்கும்போது ஐடிபி என்றாலே புரியும். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பித்து, உங்கள் லைசென்ஸுக்கு உரிய ஆர்டிஓவில் சரிபார்த்து வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், புகைப்படம் கட்டாயம். சில இடங்களில் விசா நகலும் டிக்கெட் நகலும் மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், ஜெராக்ஸ் கடைக்கு அலைய வேண்டாம். அனுமதி ஒரு வருடம் செல்லும். லைசென்ஸ் அதற்குள் காலாவதியானால் இதுவும் அதோடு போயிற்று.

இங்கே நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது: இனிஷியல். லைசென்ஸில் ‘ஆர். குமார்’, பாஸ்போர்ட்டில் ‘குமார் ராமசாமி’, வங்கி அட்டையில் ‘குமார் ஆர்’. நமக்கு மூவரும் ஒருவர்தான். வாடகைக் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று பேர். ஐடிபி விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் வருகிறதா என்று பாருங்கள். லைசென்ஸில் திருத்தம் தேவைப்பட்டால் அதற்குத் தனியாக நாளாகும், அதனால்தான் ஒரு மாதம் என்கிறேன்.

இணையத்தில் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று அழகான அட்டை அச்சடித்து விற்கிறார்கள். அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆர்டிஓ தரும் காகிதப் புத்தகம் பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் செல்லும். போகும்போது அசல் லைசென்ஸையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது.

இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு இந்த அனுமதியைத் தருவது சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷன். ஐரோப்பிய ஒன்றிய லைசென்ஸோ, பிரிட்டனின் புகைப்பட லைசென்ஸோ வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால் அவருக்கு இது எதுவும் வேண்டாம். அவரையே ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் ஜன்னல் ஓரம் உட்காரலாம்.

2. கார் முன்பதிவு

முதலில் அட்டை. ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. நான் ஓட்டுவதாகப் பதிவு, அட்டை மனைவியுடையது. கவுண்டரில் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. என் பழைய அட்டை ஒன்று பையின் அடியில் கிடந்ததால் தப்பித்தோம். ஆயிரம் யூரோவுக்கு மேல்கூட டெபாசிட்டாகப் பிடித்து வைப்பார்கள், அதனால் அட்டையில் அந்த அளவுக்கு இடம் இருக்கட்டும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையைக் கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள்.

அடுத்து கியர். இத்தாலியில் கேட்காமல் விட்டால் கியர் வண்டிதான் வரும். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். மலைவளைவில் இதையெல்லாம் ஒன்றாகப் பழக வேண்டாம் என்று நினைத்தால் ஆட்டோமேட்டிக் எடுங்கள். விலை கூடும், எண்ணிக்கையும் குறைவு. மே, ஜூன், செப்டம்பருக்கு இரண்டு மாதம் முன்பே பதிந்துவிடுவது நல்லது. இருப்பதிலேயே சின்ன வண்டியாகக் கேளுங்கள். இலவசமாகப் பெரிய வண்டி தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஊர்ச் சாலைகளில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் உங்களுக்கே தெரியும்.

இன்சூரன்ஸில் எக்செஸ் என்ற வார்த்தையைத் தேடுங்கள். சேதம் ஆனால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அது, ஆயிரம் இரண்டாயிரம் யூரோ வரை இருக்கும். அதைப் பூஜ்யமாக்குகிறேன் என்று கவுண்டரில் ஒரு நாளுக்கு முப்பது நாற்பது யூரோ கேட்பார்கள். வெளியே தனி இன்சூரன்ஸ் நிறுவனங்களில் அதே எக்செஸுக்குப் பத்து யூரோவுக்குள் பாலிசி கிடைக்கிறது. ஒரே வித்தியாசம், சேதம் ஆனால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பாலிசியானாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இந்த மூன்றும் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் சேர்த்தி இல்லை. இது ஏன் முக்கியம் என்பது பியென்சா பக்கத்து மண்சாலைக்கு வரும்போது தெரியும்.

150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். பதியும்போதே கேளுங்கள்.

3. எங்கே எடுப்பது, எந்த நாள்

ஃபுளோரன்ஸ் நகருக்குள் காரை எடுக்காதீர்கள். நடந்து போகிற தூரத்தில் வாடகை அலுவலகங்கள் இருக்கும், ஆசை வரும். ஆனால் அலுவலக வாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளினால் வெளி வண்டிகளுக்குத் தடைப் பகுதி (விவரம் 6ல்). பெரெத்தோலா விமான நிலையத்தில் எடுங்கள். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம் பக்கத்திலிருந்து டி2 டிராம், இருபது நிமிடம், இரண்டு யூரோவுக்குள். விமான நிலையத்திலிருந்து வெளியேறினால் நேரே நெடுஞ்சாலை.

நாளைப் பொறுத்தவரை, வயல் பச்சையாக வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ஜூன் நடுவில் கோதுமை பழுத்துப் பொன்னிறம். ஆகஸ்டில் அறுத்து உழுத மண்தான் கிடக்கும், வெயிலும் நம் ஊரைத் தோற்கடிக்கும். ஆகஸ்டு 15 அங்கே பெரிய விடுமுறை, அதை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், இந்த வட்டம் அன்றைக்கு முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் கிளம்பிவிடுவார்கள், பார்க்கிங் கிடைக்காது, வாடகை அலுவலகமும் சீக்கிரம் மூடும்.

4. சாவியை வாங்கியதும்

எட்டு மணிக்குக் கவுண்டரில் நின்றால் எட்டே முக்காலுக்கு வண்டி நகரும். அவசரப்படாமல் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். நான்கு சக்கரத்தின் விளிம்பு, முன் கண்ணாடி, பம்பரின் கீழ்ப்பக்கம், மீட்டரில் பெட்ரோல் அளவு. டிக்கியில் முக்கோணப் பலகையும் ஒளிரும் மேலாடையும் இருக்கிறதா பாருங்கள். வழியில் நின்றுபோனால் அந்த மேலாடை போடாமல் சாலையில் இறங்கக் கூடாது. வண்டி பெட்ரோலா டீசலா என்பதைக் கேட்டுக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பெட்ரோல் பென்சினா, டீசல் கசோலியோ.

போனை வைக்கும் தாங்கியை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். 2024 டிசம்பரில் வந்த புதிய விதிப்படி ஓட்டும்போது போனைக் கையில் வைத்திருந்தால் அபராதம் குறைந்தது 250 யூரோ. மேப்பை வைஃபை இருக்கும்போதே தரவிறக்கி வையுங்கள்.

5. சாலை

வேக அளவு: ஊருக்குள் 50, வெளிச்சாலையில் 90, இரட்டைவழிப் பெருஞ்சாலையில் 110, அவுதோஸ்த்ராதா என்கிற டோல் நெடுஞ்சாலையில் 130. ‘ஊருக்குள்’ என்பது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயம். வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் வந்தால் அந்த இடத்திலிருந்து 50. தனியாக எண் எதுவும் எழுதியிருக்காது. அதே பெயர் சிவப்புக் கோடு அடித்து வந்தால் ஊர் முடிந்தது. இரண்டு வீடும் ஒரு தேவாலயமும் மட்டும் இருக்கும் ஊராக இருந்தாலும் இதுதான் கணக்கு. வேகக் கேமராக்கள் சாலையோரப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும்.

திசைப் பலகைகளில் பச்சை என்றால் டோல் நெடுஞ்சாலை, நீலம் என்றால் மற்ற சாலைகள். ரவுண்டானாவில் இடப்பக்கத்திலிருந்து, அதாவது ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். சுற்றுவது நம் ஊருக்கு எதிர்த்திசை. முதல் மூன்று ரவுண்டானா வரை மனைவி ‘வலது, வலது’ என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். நல்ல ஏற்பாடு, நீங்களும் செய்யுங்கள். ஊருக்கு வெளியே பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் பதற வேண்டாம், இடம் பார்த்து ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள். ஹாரன் அடிக்கிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

6. இசட்.டி.எல்.: இதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்

பழைய ஊர்களின் மதிலுக்குள் உள்ள தெருக்களில் அங்கே குடியிருப்பவர்களின் வண்டி மட்டும் போகலாம். அந்தப் பகுதிக்குப் பெயர் இசட்.டி.எல். காவலர், தடுப்பு, சங்கிலி எதுவும் இருக்காது. ஒரு கம்பத்தில் வெள்ளை நடு, சிவப்பு வளையம் கொண்ட வட்டப் பலகை, அதன் கீழே நேரங்களும் விதிவிலக்குகளும் இத்தாலிய மொழியில் பொடி எழுத்தில். மேலே ஒரு கேமரா. அவ்வளவுதான். கேமரா எண்ணைப் படம் எடுக்கும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

நான் மாட்டியது இப்படி. ஊரின் பெயர் வேண்டாம். நுழைவில் மின்பலகை ஒன்றில் ‘வார்கோ அத்தீவோ’ என்று ஒளிர்ந்தது. வார்கோ என்றால் வாசல் என்று எப்படியோ தெரிந்திருந்தது. அத்தீவோ என்றால் ‘ஆக்டிவ்’ தானே, வாசல் திறந்திருக்கிறது, போகலாம் என்று உள்ளே விட்டேன். உண்மையில் அதற்கு அர்த்தம் கேமரா வேலை செய்கிறது, வராதே. ‘வார்கோ நொன் அத்தீவோ’ என்றிருந்தால்தான் போகலாம். உள்ளே போய், தெரு குறுகிக்கொண்டே வர, நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையை ஆட்டித் திரும்பிப் போ என்று காட்டினார். திரும்பி வந்துவிட்டேன். தப்பித்துவிட்டோம் என்றுதான் எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பிக்க வழி எளிது. மேப்பில் ஊரின் பெயரைப் போடாதீர்கள். ‘பியென்சா’ என்று போட்டால் அது சதுக்கத்தின் நடுவே கொண்டுபோய் விடப் பார்க்கும். மதிலுக்கு வெளியே உள்ள ஒரு பார்க்கிங் இடத்தின் பெயரை முந்தின இரவே தேடி, அதையே சேரும் இடமாகப் போடுங்கள். நான்கு ஊருக்கும் நான்கு பார்க்கிங்கைச் சேமித்து வைத்தால் போதும். பலகைகளில் ‘சென்த்ரோ’ என்று, உள்ளுக்குள் உள்ளாக வட்டம் போட்ட குறியோடு வருவது ஊர் நடுவுக்கு வழி. அதைப் பின்தொடராமல் நீலத்தில் வெள்ளையாக பி என்ற எழுத்து போட்ட பலகையைப் பின்தொடருங்கள். முன்னால் போகிற வண்டி உள்ளே போகிறதே என்று நீங்களும் போக வேண்டாம், அவர் அந்தத் தெருக்காரராக இருப்பார்.

மதிலுக்குள் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் விடுதிக்கு வண்டி எண்ணை முன்கூட்டியே கொடுத்துப் பதியச் சொல்லலாம். பதிந்தாயிற்று என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

7. பார்க்கிங் கோடுகள்

வெள்ளைக் கோடு இலவசம். நீலம் காசு. மஞ்சள் நமக்கில்லை. வெள்ளையிலும் சில இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. அங்கே கண்ணாடிக்கு உள்ளே தெரியும்படி, வந்த நேரத்தைக் காட்டும் அட்டைச் சக்கரம் வைக்க வேண்டும். வாடகை வண்டியின் கண்ணாடியிலோ டாஷ்போர்டு அறையிலோ அது இருக்கும், இல்லாவிட்டால் ஒரு தாளில் நேரத்தை எழுதி வைக்கிறார்கள்.

பலகையில் இரண்டு சுத்தியல் குறுக்கே போட்ட படம் இருந்தால் வேலைநாள் என்று அர்த்தம், சிலுவை இருந்தால் ஞாயிறும் விடுமுறையும். இது தெரியாமல் பக்கத்தில் ஏதோ பட்டறை இருக்கிறது போல என்று நினைத்தோம். வாரச்சந்தை நாளில் அந்த இடத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்றும் பலகை இருக்கும். மொந்தேபுல்சானோவில் வியாழன், பியென்சாவில் வெள்ளி.

பார்க்கிங் இயந்திரத்துக்கு வண்டி எண் வேண்டும். எண்ணைப் போனில் படம் எடுத்து வைக்காமல், மேட்டில் ஏறி இயந்திரத்துக்கு வந்து, மறுபடி இறங்கி எண்ணைப் பார்த்து, மறுபடி ஏறியது என் கதை. சில்லறையாகப் பத்து யூரோ வைத்திருங்கள். எல்லா இயந்திரமும் அட்டையை ஏற்பதில்லை. மணிக்கு ஒன்றரை, இரண்டு யூரோ ஆகும்.

பைகள் எதுவும் இருக்கையில் தெரியக் கூடாது. பாஸ்போர்ட் எப்போதும் உங்களோடு.

8. வழியும் நேரமும்

8.45: விமான நிலையத்திலிருந்து ஏ11, பிறகு ஏ1ல் ரோமா திசை. டோல் வாசலில் சீட்டை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். தொலைத்தால் மிகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவார்கள். ஃபிரென்சே இம்ப்ருனேதா வாசலில் வெளியேறி சியெனா சாலையில் சேருங்கள். (ஃபுளோரன்ஸுக்குப் பலகையில் ஃபிரென்சே என்றுதான் இருக்கும்.) டோலில் கட்டும்போது மஞ்சள் தெலெபாஸ் வரிசைக்குள் மட்டும் போய்விடாதீர்கள், அது கருவி மாட்டிய வண்டிகளுக்கு. நீலம் அட்டை, வெள்ளை ரொக்கம். தப்பித் தவறி மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள், ஒரு சீட்டு வரும், பதினைந்து நாளுக்குள் கட்டினால் போதும்.

சியெனா சாலைக்கு டோல் இல்லை. குறுகல், வளைவு, அங்கங்கே பராமரிப்பு வேலை. சியெனாவுக்குள் இன்று போக வேண்டாம், அது தனியாக ஒரு நாள் கேட்கும். ஊரைச் சுற்றி வந்து காசியா என்ற சாலையில் தெற்கே திரும்புங்கள். புவோன்கொன்வெந்தோ தாண்டியதும் மொந்தால்சினோவுக்கு மலையேற்றம்.

10.30, மொந்தால்சினோ. கோட்டைப் பக்கத்துப் பார்க்கிங். ஒன்றரை மணி நேரம் தாராளம். இது புருனெல்லோ ஒயினின் ஊர், கடைக்குக் கடை சுவைத்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள். ஓட்டுபவர் தொடாமல் இருப்பது உத்தமம். சட்ட அளவு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்குப் பூஜ்யம். பாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாம், இந்தியச் சுங்கத்தில் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை வரி இல்லை.

12.30, பாஞ்ஞோ விஞ்ஞோனி. ஊரின் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெந்நீர்த் தெப்பக்குளம். அம்மா குற்றாலம் போகிற தோரணையில் துண்டு எடுத்து வந்திருந்தார். குளத்தில் குளிக்கக் கூடாது, கால் வைக்கவும் கூடாது என்றதும் முகம் விழுந்துவிட்டது. நீர் வழிந்து ஓடும் சின்ன வாய்க்கால் பாறைப் பக்கம் போகிறது. அங்கே குனிந்து கையை நனைத்து, ‘இளஞ்சூடுதான்’ என்று தீர்ப்பு சொன்னார். அரை மணி நேரம் போதும். இதற்கு முன்னும் பின்னும் சான் கீரிக்கோ என்ற ஊர்ப் பக்கத்தில் சைப்ரஸ் மரக் கூட்டங்கள் சாலையிலிருந்தே தெரியும். நடுச்சாலையில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாமல் ஒதுங்குமிடம் பார்த்து நிறுத்துங்கள்.

1.15, பியென்சா, மதிய உணவோடு இரண்டரை மணி நேரம். இந்த வட்டத்தில் எனக்குப் பிடித்த ஊர். மதிலோரமாக ஒரு நடைபாதை இருக்கிறது, பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். ஊர் முழுக்கப் பெக்கொரீனோ பாலாடைக்கட்டி வாசனை. சான் கீரிக்கோவுக்கும் பியென்சாவுக்கும் நடுவே சாலையிலிருந்து பிரிந்து, இரண்டு பக்கமும் மரம் நிற்க வயல் நடுவே விதாலேத்தா என்ற சின்னத் தேவாலயம். நாள்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் போவது வெள்ளை மண்சாலை. சரளைக்கல் தெறித்து அடிப்பாகத்தில் பட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது என்று மேலே சொன்னது இதற்குத்தான். வண்டியை முன்னாலேயே நிறுத்திவிட்டு நடங்கள், அல்லது சாலையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

4.10, மொந்தேபுல்சானோ. பார்க்கிங் இடங்களுக்கு எண் போட்டிருக்கும். கீழ் வாசல் பக்கம் நிறுத்தினால் ஊரின் ஒரே நீளத் தெரு முழுவதும் ஏற்றம். எங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் அவரையும் மனைவியையும் கீழேயே ஒரு காப்பிக் கடையில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் மேலே பியாட்சா கிராந்தே என்ற சதுக்கம் வரை ஏறி வந்தேன். முன்பே தெரிந்திருந்தால் மேட்டுப் பக்கப் பார்க்கிங்கைத் தேடியிருப்பேன். பெரியவர்களோடு போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். ஊருக்குக் கீழே தனியாக நிற்கும் சான் பியாஜோ தேவாலயத்துக்கு வண்டியிலேயே போகலாம், நடை கிடையாது.

6.30 கிளம்பி, வால்திகியானா வாசலில் ஏ1 ஏறினால் எட்டே காலுக்கு ஃபுளோரன்ஸ். மே மாதத்தில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். சான் ஜிமிஞ்ஞானோவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அது சியெனாவுக்கு வடமேற்கே இருக்கிறது, இந்த வட்டத்தில் வராது. சேர்த்தால் ஐந்து ஊரின் பார்க்கிங்கைப் பார்த்துவிட்டு வரலாம்.

9. சாப்பாடு

பன்னிரண்டரைக்குத் திறந்து இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழு, ஏழரை. மூன்று மணிக்குப் போய் நின்றால் ரொட்டித் துண்டுக்குள் ஏதாவது வைத்துத் தரும் கடைதான் கதி. அதனால் பியென்சாவில் ஒன்றரைக்கு முந்தின நாளே மேசை சொல்லிவிடுங்கள்.

சைவத்துக்குக் கஷ்டமில்லை. பிச்சி என்று கையால் உருட்டிய தடித்த நூடுல்ஸ், அதில் ஆல்யோனே என்றால் தக்காளியும் பெரிய பூண்டும் மட்டும். பூப் பெயரில் சோறா என்று அம்மா சிரித்தார், ஆனால் தட்டைக் காலிசெய்தார். ‘சென்சா கார்னே’ என்றால் கறி இல்லாமல். சூப்பிலும் சாஸிலும் கறிச்சாறு கலந்திருக்கலாம், கேளுங்கள். பெக்கொரீனோவில் கன்று, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பது வழக்கம். கட்டுப்பாடு உள்ளவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ரொட்டியில் உப்பே இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், அந்தப் பக்கத்து ரொட்டியே அப்படித்தான். பில்லில் கொப்பெர்த்தோ என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ வரும், மேசைக்கான கட்டணம், ஏமாற்று இல்லை. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் பாதி விலை. கழிப்பறைக்கு எளிய வழியும் அந்தக் காப்பிக் கடைதான்.

10. பெட்ரோல் போட்டுத் திருப்புவது

பங்க்கில் ‘ஃபாய் தா தே’ என்றால் நாமே போடுவது, ‘செர்வீத்தோ’ என்றால் ஆள் போடுவது. ஒரே பங்க், இரண்டு விலை. மதியமும் ஞாயிறும் ஆள் இருக்க மாட்டார், இயந்திரத்தில் அட்டையைச் செருக வேண்டும். அப்போது நூறு யூரோ போல முன்கூட்டியே பிடித்து வைத்துச் சில நாள் கழித்து மீதியை விடும், பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலைப் பங்க்கில் விலை அதிகம், மொந்தேபுல்சானோவிலேயே நிரப்பிக்கொண்டு, விமான நிலையம் பக்கத்தில் கடைசியாகச் சொட்டு விட்டு முழு டாங்காகக் கொடுங்கள். ரசீதை வையுங்கள்.

அலுவலகம் மூடியிருந்தால் சாவியைப் பெட்டிக்குள் போடச் சொல்வார்கள். காலையில் ஆள் வந்து பார்க்கும் வரை வண்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆகவே நேரம் தெரிய இன்னொரு வீடியோ.

11. எங்களுக்கு ஆன செலவு

மூன்று பேர், ஒரு நாள், யூரோவில்: ஆட்டோமேட்டிக் சின்னக் கார் 92, எக்செஸ் பாலிசி 9, பெட்ரோல் 31, டோல் 11, பார்க்கிங் 14, மதியச் சாப்பாடு 68, காப்பியும் ஐஸ்கிரீமும் 19. ஆக 244. யூரோவுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போட்டுக்கொள்ளுங்கள். அபராத வகையில் பின்னால் போனது 123. பயணச் செலவில் சரிபாதி.

12. அபராதம் வந்துவிட்டால்

இரண்டு தனித்தனி விஷயம் வரும், ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலில் வாடகை நிறுவனம், உங்கள் விவரத்தைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு என்று ஒரு கட்டணத்தை அட்டையில் எடுக்கும். எங்களுக்கு 45 யூரோ. நான் அதையே அபராதம் என்று நினைத்து முடிந்தது கணக்கு என்றிருந்தேன். அபராதம் தனி. அது பல மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வரும். வெளிநாட்டில் இருப்பவருக்கு ஓட்டியவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து 360 நாள் வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்த முகவரிக்குத்தான் வரும், வீடு மாறினால் பழைய வீட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள்.

இசட்.டி.எல். மீறலுக்கு அடிப்படைத் தொகை 83 யூரோ, அதோடு தபால் செலவு. கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் தொகையில் 30 சதவீதம் தள்ளுபடி. அறுபது நாள் தாண்டினால் இரு மடங்காக ஏறும். கடிதத்தில் இணையதள முகவரியும் வழக்கு எண்ணும் இருக்கும், கிரெடிட் கார்டில் கட்டலாம். உள்ளே போய்த் திரும்பி வரும்போது இன்னொரு கேமரா பிடித்திருந்தால் இரண்டு கடிதம் வரக்கூடும். எங்களுக்கு ஒன்றுதான் வந்தது. கட்டிய ரசீதை அச்செடுத்து, வாடகை ஒப்பந்தம், பார்க்கிங் சீட்டுகளோடு ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 360 நாள் முடிகிற வரை அதைத் தூக்கிப்போட மனைவி விடவில்லை.